மந்தாரை இலைத் தொப்பி போட்ட ரேஞ்சர்

அந்தத் தொப்பி மந்தாரை இலையால் தைத்தது. சாப்பாட்டு இலை தைப்பது போலவே ஈர்க்குச்சியால் கோத்து, முன்பக்கம் மட்டும் விளிம்பை நீட்டி விட்டிருந்தார்கள். சாக்கில் வெட்டிய அரைக்கால் சட்டை, மரநாரில் முறுக்கிய பெல்ட், கரியில் எழுதிய மீசை, கையில் ஒரு மூங்கில் பிரம்பு. அறுபதுகளின் தொடக்கத்தில், நெல்லிவாசல்நாட்டு மலைச் சிற்றூர் ஒன்றில், இவ்வளவும் சேர்ந்து ஒரு வனச்சரக அதிகாரியை உருவாக்கின. உள்ளே இருந்தவரை ஊரில் வேஷக்காரக் கவுண்டர் என்பார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு மாவட்டச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க மலையேறும் வியாபாரி ஒருவருடன் அம்மன் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். மலையில் எல்லோருக்கும் அவர் பாய். திருவிழாவின் கடைசி நாளில் ஆண்கள் வேஷம் கட்டுவார்கள். வேஷத்தில் இருப்பவர் யாரை என்ன சொன்னாலும் குற்றமில்லை. ஓடையில் இறங்கிக் கழுவும் வரை அது அம்மன் பேச்சு. ஊர்ப் பெரியவரின் கஞ்சத்தனமும் பங்காளியின் வேலி நகர்ந்த கதையும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

அந்த ஆண்டு கவுண்டர் ரேஞ்சரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. காப்புக்காட்டுக்குள் மேய்ந்ததாகச் சொல்லி அவருடைய உழவுமாடுகள் இரண்டையும் வனக்காவலர் பிடித்து, அடிவாரத்து அலுவலகப் பட்டியில் அடைத்துவிட்டார். முதல் மழை விழுந்திருந்தது. ஈரம் காய்வதற்குள் சாமை விதைக்காவிட்டால் அந்த ஆண்டு அவர் வீட்டில் சோறு இல்லை. கீழே போய்க் கும்பிட்டு நின்று பார்த்தார். ரேஞ்சர் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் நின்ற நேரமெல்லாம் கவுண்டர் ரேஞ்சரை நன்றாகப் பார்த்திருந்தார்.

எதைச் சொல்வதற்கு முன்னும் இருமுறை கனைத்துவிட்டு, மூக்கால் இழுத்து "யாருப்பா அங்க" என்று தொடங்குவது ரேஞ்சரின் பழக்கம். கவுண்டர் அந்தக் கனைப்போடுதான் கூட்டத்துக்குள் வந்தார். பாஸ் இல்லாமல் இலையைக் கடத்தியதாகக் காற்றைக் கைது செய்தார். வேப்பிலை வைத்திருந்ததற்கு அம்மனிடமே பர்மிட் கேட்டார். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப் பார்த்து, காட்டு விறகில் பொங்கிய சோற்றில் வளர்ந்த பிள்ளை, பாதி சர்க்காருக்குச் சேர வேண்டும் என்றார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஓரமாக நின்றிருந்த வனக்காவலர் மட்டும் சிரிக்காமல் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை மற்ற வேஷக்காரர்கள் ஓடையில் இறங்கினார்கள். கவுண்டர் இறங்கவில்லை. வேஷத்தோடு ரேஞ்சரிடம் போய்க் கேட்டால் யாரும் கைவைக்க முடியாது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம் என்று நம்பினார். அந்த விதி மலையோடு முடிந்துபோகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பாய் தடுத்துப் பார்த்தார்.

"எங்க ஊர்ல மொகரத்துக்குப் புலி வேஷம் கட்றவன் போலீஸ்காரனப் பாத்தே உறுமுவான் கவுண்டரே. அவனும் சிரிச்சிட்டுப் போய்டுவான். அதே புலி அடுத்த ஊருல போயி உறுமினா உதைதான் வுழும். உங்க அம்மன் கீழ வராதுங்க."

"வராட்டி போவுது பாய். மாடு அங்கதான கீது" என்றார் கவுண்டர்.

மூவரும் இறங்கினோம். அடிவாரத்தில் சிறுவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். அலுவலக வாசலுக்கு வந்ததும் கவுண்டரின் நடை மாறியது. பிரம்பை அக்குளில் இடுக்கிக் கையைக் கட்டிக்கொண்டார். வனக்காவலர் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அரசாங்க உடுப்பை அவமதித்தவனை என்ன செய்யலாம் என்று ரேஞ்சர் குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா, உள்ளே வைக்கலாம் சார் என்றார்.

"என்ன மாதிரியே பேசுவியாமே. எங்க, பேசு பாக்கலாம்" என்றார் ரேஞ்சர்.

கவுண்டரின் மீசைக்கரி வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. அக்குளிலிருந்த பிரம்பைக் கையில் எடுத்தார். பிறகு இருமுறை கனைத்தார். பட்டியைப் பார்த்த ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கால் இழுத்துச் சொன்னார்: "யாருப்பா அங்க. அந்த நெல்லிவாசல் மாடு ரெண்டையும் அவுத்து வுடு. வெதைக்கிற நாள்ல எதுக்கய்யா கட்டிப் போட்டிருக்கீங்க."

வெளியிலிருந்து "சரிங்கய்யா" என்று பட்டிக் காவற்காரரின் குரல் வந்தது. பட்டிப்படல் திறந்தது. கழுத்துமணிகள் அசைந்தன.

ரேஞ்சர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கூப்பிட்டுத் தடுத்தால், தன் குரலுக்கும் ஒரு மலைக்காரன் குரலுக்கும் தன் ஆளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். குமாஸ்தா கோப்புக்குள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். பாய் உத்தரத்தைப் பார்த்தார். ரேஞ்சர் எங்களைப் பார்க்காமல், போகலாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

நான் எழுதி அனுப்பியது அச்சாகவில்லை. அதிகாரியைக் கேலி செய்கிறது என்று ஆசிரியர் குழுவில் சொன்னார்களாம். இன்று தொலைக்காட்சியில் அமைச்சர்களின் குரலில் பேசிக் காட்டுகிறவர்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். திறமைசாலிகள், நானும் சிரிக்கிறேன். எந்தப் பட்டியும் திறந்ததாகத் தெரியவில்லை.

மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும் வழியில் கவுண்டர் ஓடையில் இறங்கிக் கழுவினார். பாயின் துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் குரலில் இன்னொரு முறை பேசச் சொன்னேன். திகைத்துப்போனவர் போல என்னைப் பார்த்தார். "கழுவிட்டனேங்க. இனிமே அவரு தொர. நான் இன்னா பேச முடியும்?"

பாதி ஏற்றத்தில் அதே வனக்காவலர் எதிரே வந்தார். கவுண்டர் பாதையை விட்டுச் சரிவில் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாட்டை அவிழ்க்கச் சொன்னது யார் என்று காவலர் கேட்டார்.

"ரேஞ்சர் அய்யா கொரலுதாங்க கேட்டுச்சி" என்றார் கவுண்டர், தரையைப் பார்த்தபடி. மாடுகள் நிற்காமல் மேலே போய்க்கொண்டிருந்தன.