புல்லில் பதினான்கு காலடிகள்

அந்த அம்மாளுக்கு அரசாங்கத்தில் களைக்கொல்லி ஆய்வாளர் வேலை. கடைக்குப் போனால், வாங்குவதற்கு முன் புட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை முழுதாகப் படித்தாக வேண்டும். "உன்கூட ஒரு சோப்பு வாங்க வந்தா பொழுதே போயிடுது" என்று கணவர் அலுத்துக்கொள்வார். எதையும் தோண்டித் துருவாமல் விட்டால் அந்த அம்மாளுக்குத் தலை வெடித்துவிடும்.

அன்றைக்கு ஒரு புகாரை விசாரிக்கப் போன பூங்காவில் கண்டதோ விசித்திரத்திலும் விசித்திரம். பச்சைப் புல்வெளியின் குறுக்கே பதினான்கு காலடிகள், அத்தனையும் காய்ந்து பழுப்பாக. இரண்டு வாரத்துக்கு முன் நடைபாதை ஓரத்துக் களைகளுக்கு மருந்து தெளித்திருந்தார்கள். கண்டதையும் கருக்கும் மருந்து அது. ஈரத்தை மிதித்த காலோடு புல்லில் நடந்தால் புல்லும் போய்விடும். தெளித்தவர்தான் மிதித்தார் என்று பூங்காச் செயலாளர் புகார் எழுதிவிட்டார். உறுதியானால் அந்த ஆளின் உரிமம் ரத்து.

தெளிப்புக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் பின்பக்கமா நடந்துதாம்மா தெளிப்பேன். தெளிச்ச இடத்துல என் கால் படவே படாது. இருபது வருஷமா இதே தொழில்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, செயலாளர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஆய்வாளர் டேப்பை எடுத்துப் புல்லில் மண்டியிட்டார். தெளிப்புக்காரரின் ரப்பர் பூட்ஸ் தோணி மாதிரி, தடமோ சின்னது. குழந்தையா? இல்லை, எட்டு வைத்த தூரம் பெரியவர்களுடையது. களை ஓரத்தில் நின்ற எச்சரிக்கைப் பலகையடியில் தொடங்கிய தடம், போகப் போக மங்கி, பெஞ்சில் முடிந்தது. பலகையில் பொடி எழுத்து: 'மருந்து காயும்வரை மிதிக்கக் கூடாது.' பாதையிலிருந்து படிக்க முடியாது. இதைப் படிக்க இவ்வளவு கிட்டே போன கிறுக்கு யார்?

சிரிப்பு வரப் பார்த்து, பாதியில் நின்றது. இரண்டு வாரத்துக்கு முன் தெளித்து முடித்த கையோடு சோதனைக்கு வந்தது இந்த அம்மாள்தான். பலகையில் உரிம எண் இருக்கிறதா என்று குனிந்து பார்த்ததும், பெஞ்சில் உட்கார்ந்து 'குறை ஏதுமில்லை' என்று எழுதியதும் அவரேதான். காலைத் தூக்கி ஒரு தடத்தில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

'யாருடைய தடம் என்று தெரியவில்லை' என்று அறிக்கையில் எழுதிவிடலாம். தமக்கு ஒன்றும் ஆகாது. சந்தேகம் மட்டும் அந்த மனிதர் தலையில் தங்கும். வெட்கம் ஆய்வாளரைப் பிடுங்கித் தின்றது. 'விதியை மீறியவர்' என்ற கட்டத்தில் தம் பதவியையும் பணியாளர் எண்ணையும் எழுதித் தாளை நீட்டினார்.

தெளிப்புக்காரர் இரண்டு தடவை படித்தார். "நீங்களாம்மா?"

"நான்தாங்க. மன்னிச்சிடுங்க."

தெளிப்புக்காரர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நானாத்தான் இருக்குமோன்னு எனக்கே தோணிப்போச்சும்மா. நேத்து வீட்டுக்காரிகிட்ட, ஆமா, நான்தான் மிதிச்சேன்னு ஒத்துக்கிட்டேன்."