முகப்பருவும் குச்சனூர்ச் சனிக்கிழமைகளும்

குச்சனூரானை நம்பும் சகோதரிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஜெர்மன்காரன் சண்டை மூண்ட வருஷம். நான் முப்பது வயது தாண்டி, இரண்டு பிள்ளை பெற்றவள். தாடையோரம் முழுக்கப் பரு. குமரிக்கு வந்தால் வயசுக் கோளாறு என்பார்கள். எனக்கு வந்தால் பாவம் என்றார்கள். ஒன்று அமுங்கினால் அடுத்தது கிளம்பும். தொட்டால் உயிர் போகும். எரிச்சலான எரிச்சல்!

ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் நான், அவனுக்கு வேறு அக்கா தங்கை இல்லை. பெண் வீட்டார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அம்மா வந்தாள்.

"பெருவியாதியோன்னு கேக்குறாக ஆத்தா. முடிச்ச உங்க சித்தி மக போடட்டும். நீ பந்திப் பக்கம் நின்னுக்க."

குஷ்டரோகி என்று ஒதுக்குகிறார்களே என்று அழுதேன். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

சித்திரையிலிருந்தே சனிக்கிழமைதோறும் வண்டி கட்டிக் குச்சனூர்க் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டு வந்தேன். ஊற்றியது போக மிஞ்சிய நல்லெண்ணெயை முகத்தில் தடவச் சொன்னதும் அம்மாதான். சாமி எண்ணெய் என்று நானும் அப்பித் தேய்த்தேன். பரு கொழுத்தது. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சூடு என்று லேகியம் கொடுத்தார். லேகியம் தீர்ந்தது, பரு தீரவில்லை.

இதில் இன்னொரு கொடுமை. முகம் மிக மோசமாகும் வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை தூரமாகிவிடுவேன். தீட்டோடு கோயிலுக்குப் போக முடியாது. ஆனியிலும் அப்படியே ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் ஒதுங்கி உட்கார்ந்தபடியே சாமியோடு சண்டைக்குப் போனேன்.

"மூஞ்சி வெந்துபோயி ஒன்னத் தேடி வரணும்ங்கிறப்பத்தான் மாசாமாசம் வாசல அடைக்கிறியே, இது என்னய்யா நியாயம்?"

கேட்டு வாய் மூடவில்லை, சுரீரென்று உறைத்தது. மாசாமாசமா? முதலில் பரு வீங்குகிறது, பிறகு தூரம். வைகாசியிலும் அதேதான், சித்திரையிலும் அதேதான். எந்த வைத்தியரும் கேட்காததை என் சாமி காட்டிக்கொடுத்தது.

தலைக்குக் குளித்ததும், உத்தமபாளையத்தில் இருந்த மலையாளத்து லேடி டாக்டரிடம் போனேன். சந்தேகப்பட்டவரே காதால் கேட்கட்டும் என்று பெண்ணின் தாயாரையும் கையோடு இழுத்துப் போனேன். டாக்டரம்மா எல்லாம் கேட்டுத் தாடையைத் தொட்டுப் பார்த்தார்.

"பெருவியாதி ஒண்ணும் இல்லை. தீட்டுக்கு முன்னால உடம்புக்குள்ள நடக்கிற மாறுதல்ல வர்ற பரு. பிள்ளை பெத்தவங்களுக்கும் வரும். முகத்துல எண்ணெய் தேய்க்கிறீங்களா?"

"சாமி எண்ணெய்ம்மா."

"அதை சாமிக்கே விட்ருங்க. கிள்ளாதீங்க, அழுத்தித் தேய்க்காம கழுவுங்க. முழுசாப் போகாது, குறையும்."

குறையும் என்றது எனக்குப் போதவில்லை, முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் பெண்ணின் தாயார் வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிச்ச நீங்கதேன் போடணும்" என்றார்.

போட்டேன். அன்றைக்கும் தாடையில் பரு இருந்தது, வலித்தது. முகூர்த்த நாள் குறித்தவர் என் நாளைக் கேட்டா குறித்தார்!

இப்போதும் மாதம் தவறாமல் எட்டிப் பார்க்கிறது. திட்டுவேன். ஆனால் முந்தானையால் முகத்தை மூடுவதில்லை. என்ன பாவம் செய்தேனோ என்று அழுவதும் இல்லை. சகோதரிகளே, அந்தச் சாமியிடம் அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், கேட்கும். எண்ணெயை மட்டும் விளக்கில் ஊற்றுங்கள்.