மல்லிகாவின் காரில் போய்ப் போட்ட ஓட்டு

சூலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எந்த வீடு எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு கட்சி, எதிர்வீட்டு மல்லிகா மறு கட்சி. பஞ்சாயத்துத் தேர்தல் பிரசாரத்தில் இருவருக்கும் வாய்த்தகராறு ஆனதிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை.

போன தேர்தலின்போது நான் கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. எங்கள் கட்சிக்காரர்களுக்குப் போன் போட்டேன். "இதோ வாரோமுங்க" என்றார்கள். மத்தியானம் தாண்டியும் ஒருவரும் வரவில்லை. இந்தத் தடவை என் ஓட்டு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் கார் நின்றது. இறங்கி வந்தது மல்லிகா.

"ஏனுங்கக்கா, இன்னும் ஓட்டுப் போடலீங்களா? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "உங்க கட்சிக்கு நான் போடமாட்டேன், அம்மணி" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுங்களா? உங்க கட்சிக்கே போடுங்க. அதுக்காக ஊட்லயே கெடப்பீங்களா?"

என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு காரில் உட்கார வைத்தாள். முன்னால் கட்டியிருந்த தன் கட்சிக் கொடியைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாள்.

நான் என் கட்சிக்குத்தான் போட்டேன். ஜெயித்தது அவள் கட்சி. முடிவு வந்த அன்று எதிர்வீட்டில் சரவெடி வெடித்தது. தோற்றதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் எப்போதும்போலக் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றவில்லை. சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து, அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.