பதினோரு நாள் ஓடிய நெபுலைசர்

என் அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா" என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு நடந்தது இது. நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சிரித்தவன்தான்.

அண்ணிக்குத் தையல் வேலை. மோட்டார் வைத்த இரண்டு மெஷின் வீட்டிலேயே ஓடும். ஒரே மகள், ஏழு வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். வாய் ஓயாத குட்டி. ஆனால் கொஞ்சம் சளி பிடித்தால் போதும், இழுப்பு வந்துவிடும். நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அப்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். அந்த அமைதியைக் கண்டாலே அண்ணி தையலை நிறுத்திவிட்டு ஓடிவருவார்.

மருந்தைப் புகையாக்கி மூச்சுக்குள் விடுகிற நெபுலைசர் மெஷின் ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அப்போதுதான் புது வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். பரணில் ஒரு நெபுலைசர் கிடந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

"இருக்கறப்ப எதுக்கு வாங்கணும்?" என்றார் அண்ணன். கஞ்சத்தனத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மாஸ்க்கும் மருந்து ஊற்றும் கப்பும் புதிதாக வாங்கினார்கள். மெஷினையும் கப்பையும் இணைக்கும் ட்யூப் மட்டும் பழையது. வெறும் காற்றுதானே போகிறது என்று விட்டுவிட்டார்கள்.

தினமும் மாலை நான்கு மணிக்கு மருந்து. சுண்டு நிமிர்ந்து உட்கார வேண்டும். மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் மருந்து புகையாகித் தீர்ந்துவிடும். பிறகு கப்பையும் மாஸ்க்கையும் கழுவி, வெந்நீரில் அலசி, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ட்யூபில் தண்ணீர் படக்கூடாது. அண்ணி இதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

மூன்றாம் நாள், ட்யூபுக்குள் ஈரம் தெரிந்தது. கப் பக்கம் இல்லை, மெஷின் பக்கத்து முனையில். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அப்படிப் பொடிப்பொடியாக. ட்யூபை உதறிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஆறாம் நாள், 4.05. சத்தம் மாறியது. பதினைந்து வருடமாக மோட்டார் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவர் அண்ணி. மோட்டார் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். நடுவில் மூச்சு வாங்காது.

இது வாங்கியது.

புஸ்ஸ்ஸ்...

புஸ்ஸ்ஸ்...

புகையும் விட்டுவிட்டு வந்தது.

"மெஷின் சரியில்லைங்க," என்றார் அண்ணனிடம்.

"புகை வருதுல்ல? அப்புறம் என்ன?"

ஒன்பதாம் நாள், மருந்து தீரப் பதினெட்டு நிமிடம் ஆனது. சுண்டு மாஸ்க்கை விலக்கினாள்.

"அம்மா, அது களைச்சுப்போச்சு."

"எது?"

மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

பதினோராம் நாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். சுண்டுவுக்கு மத்தியானத்திலிருந்தே இழுப்பு. விலாவெல்லாம் உள்ளே ஒட்டி ஒட்டி வந்தது. உதடு வெளுத்துவிட்டது. அண்ணி நான்கு மணிவரை காத்திருக்கவில்லை. 3.52-க்கே மருந்தை ஊற்றி ஸ்விட்சைப் போட்டார்.

3.55. கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. ஃப்ரிட்ஜ் அடங்கியது.

புகை நிற்கவில்லை.

புஸ்ஸ்ஸ்...

அண்ணி ப்ளக்கைப் பிடுங்கினார். ப்ளக் கையில் இருந்தது. புகை வந்துகொண்டே இருந்தது.

ட்யூபைத் தொட்டார். வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

மாஸ்க்கைப் பிய்த்து எறியக் கை போனது. சுண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்மா..."

மருந்து பாதிகூட இறங்கியிருக்கவில்லை. எடுத்தால் பிள்ளைக்கு மூச்சில்லை. விட்டால்... அது யாருடைய மூச்சு?

விட்டார். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெஷின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். பிரசவத்தில்கூட அப்படிப் பயந்ததில்லை என்கிறார்.

சுண்டுவின் இழுப்பு குறைந்தது. குறையக் குறைய...

மெஷினுக்குள் இழுப்பு கேட்டது.

அதே விசில்.

4.21.

புஸ்...

பு...

அவ்வளவுதான்.

கரண்ட் வந்த பிறகு மெஷின் ஓடவேயில்லை. மறுநாள், தையல் மோட்டார் சரிபண்ணும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். திறந்து பார்த்தவர் அண்ணியை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது எங்கக்கா ஓடும்? மோட்டார் காயில் கருகிக் கிடக்கு. பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகிப்போயிருக்கு. ஓடி அஞ்சாறு வருஷமாவது ஆகியிருக்கும்."

"நேத்து வரைக்கும் ஓடுச்சுப்பா."

அவர் சிரித்துக்கொண்டே ட்யூபைக் கழற்றினார். மெஷினில் செருகும் முனையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். சுற்றிலும் பல் தடம். புதுத் தடம்.

"பாப்பா நல்லாக் கடிச்சு வெச்சிருக்கா. முன்பல்லு ரெண்டும் எவ்வளவு தெளிவா பதிஞ்சிருக்கு பாருங்க."

சுண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. இன்னும் முளைக்கவில்லை.