குழாயில் தொங்கி இறுக்கிய பினியன் நட்டு

அம்மையார்குப்பம் குமாரியின் லோடு வண்டி, நான் பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரென்ஷியலில் பேரிங் மாற்றிக் கொடுத்த நாலாம் நாளே, டிராக்டரில் கயிறு கட்டித் திருத்தணிக்கு இழுத்து வரப்பட்டது. என் கூட்டாளி சேகர் அடியில் குனிந்து டிஃபரென்ஷியலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

"பாய், இதுல தோசை ஊத்தலாம்."

தோசைக்கல் செய்த பெருமை முழுக்க எனக்குத்தான்.

குமாரி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வண்டி நிறைய நெசவாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய நூல் மூட்டைகள். அதன் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"நைனா வண்டிய விக்க ஆள் பாத்துட்டாரு பாய். பொம்பளைக்கு லோடு வண்டி எதுக்குன்னு மொதல்லயே சொன்னவரு. நாளைக்குக் காலைல அந்த ஆள் வர்றான். இன்னிக்கு நான் ஓட்டிக் காட்டலன்னா, அவன் ஓட்டிக்கினு போயிடுவான்."

பிரித்துப் பார்த்தோம். பினியன் பேரிங் கருநீலமாக வெந்து கிடந்தது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் சுழற்சியை டிஃபரென்ஷியலுக்குள் கொண்டுபோகும் பல்லுள்ள பினியன் தண்டு இரண்டு டேப்பர் பேரிங்கில் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே கிரஷ் ஸ்லீவ் என்று ஓர் உலோகக் குழல். முன்னால் உள்ள நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும், பேரிங்கின் மேல் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்துக்குத்தான் பிரீலோட் என்று பெயர். குறைந்தால் பினியன் ஆடி ஊளையிடும். கூடினால் தோசைக்கல்.

புது பேரிங்குகளையும் கையிருப்பில் இருந்த ஒரே ஸ்லீவையும் போட்டு, ஹவுசிங்கை மேஜையில் போல்ட் அடித்தோம். சேகர் கம்பி கொடுத்து, தண்டு முனையில் உள்ள ஃபிளாஞ்ச் தட்டைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டான். நான் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, காலைத் தூக்கித் தொங்கத் தயாரானேன்.

"இன்னா பாய், ஊஞ்சலா ஆடப் போறீங்க?" என்றாள் குமாரி.

"இதான்மா நம்ம அளவு. முழு ஒடம்பும் தொங்கி, குழாய் நின்னுடுச்சின்னா கரெக்டா இருக்கும்."

"எந்த ஒடம்பு? எப்ப எடுத்த வெயிட்டு?"

யோசித்தேன். "கல்யாணத்துக்கு முன்ன."

சேகருக்குக் கம்பி கை நழுவிவிட்டது, அப்படி ஒரு சிரிப்பு. "அன்னைக்கு ஆளு அகர்பத்தி மாதிரி இருப்பாரு குமாரி. இப்ப பாரு, பிரியாணி அண்டா."

மாப்பிள்ளை எடைக்குச் சரியாக இருந்த குழாயில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். போன தடவை பேரிங் ஏன் வெந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

சரியான முறை எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன். ஃபிளாஞ்சில் நூலைச் சுற்றி, நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, ஒரே சீராக இழுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முள் துள்ளும், அதை விட்டுவிடலாம். சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் எங்கே நிற்கிறதோ அதுதான் பிரீலோட் கணக்கு. பட்டறைத் தராசு துருப்பிடித்துச் செத்திருந்தது. குமாரி வண்டியிலிருந்து தன் தராசை எடுத்து வந்தாள். நெசவாளிகளுக்கு நூல் நிறுத்துக் கொடுப்பதற்காக வைத்திருந்தது. ஒரு சிட்டத்திலிருந்து முறுக்கிய நூலும் அவளே அறுத்துக் கொடுத்தாள்.

"ஒங்கள இதுல மாட்டிடாதீங்க பாய். கொக்கி நிமிந்துடும்."

கொஞ்சம் இறுக்கி, ரோலர்கள் அமர நாலு சுற்று சுற்றி, இழுத்துப் பார்த்தோம். முள் சர்வீஸ் புத்தகத்து அளவை நெருங்கியது. இன்னும் ஒரு துளி போதும். நான் கொடுத்தது இரண்டு துளி. முள் அளவைத் தாண்டிப் போய் நின்றது.

"கொஞ்சம் பின்னால திருப்பி உட்டுடுங்களேன். நேரம் ஆவுது," என்றாள் குமாரி.

இந்த இடத்தில்தான் பல வண்டிகள் சாகின்றன. நட்டைத் தளர்த்தினால் தராசு முள் ஒழுங்காகக் கீழே வரும். ஆனால் நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நிமிராது. நட்டுக்குப் பிடிமானம் போய், லோடு ஏறியதும் பினியன் ஆட ஆரம்பிக்கும்.

"உட்டா இன்னிக்கு ஓடும்மா. அடுத்த மாசம் நீயே வித்துடுவ."

அவள் நூல் மூட்டைகளையும் வெயிலையும் பார்த்தாள். பிறகு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். "சேகரண்ணா, அரக்கோணத்துல அந்தக் குழல் கெடைக்குமா?"

"ஆங், கெடைக்கும்."

"அப்ப போய் ரெண்டா வாங்கிக்கினு வாங்க. பாய் கை எப்படின்னு பாத்துட்டேன்."

சேகர் வாங்கி வந்ததில் இரண்டாவது ஸ்லீவ் வேலைக்குத் தேவைப்படவில்லை. இந்தத் தடவை நட்டைக் குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் திருப்பினேன். ஒவ்வொரு துளிக்கும் தராசு. முள் அளவில் நின்றதும் கையை எடுத்துவிட்டேன். பினியனோடு சேரும் கிரவுன் பல்சக்கரத்தைப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, மூட்டைகளோடு மலைக்கோயில் பாதையில் ஏற்றினோம். இழுத்து ஏறும்போது ஒரு சத்தம் வரலாம், கியரில் பிடித்து இறங்கும்போது வேறு சத்தம் வரலாம். இரண்டும் வரவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, குமாரி குனிந்து உள்ளங்கையை டிஃபரென்ஷியல் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. வைத்தபடியே இன்னொரு கையால் போன் போட்டாள்.

"நைனா, அந்த ஆள வர வேணாம்னு சொல்லிடு."

தம்பிகளே, நட்டை எவ்வளவு பலமாக இறுக்கினோம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. பேரிங் எப்படிச் சுற்றுகிறது என்பதை வண்டியே சொல்லிவிடும். அளந்து பாருங்கள். அளவு தாண்டினால் கழற்றுங்கள், வெட்கப்படாமல்.

எழுந்து பாராட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். "ஆர்.கே.பேட்டைல நூல் போடணும் பாய், லேட்டாயிடுச்சி," என்று சொல்லி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பட்டறைக்கு நடந்துதான் வந்தேன்.