பஸ்ஸில் தைத்த போர்வை

எங்கள் கம்பெனி பஸ்ஸில் படப்பையில் ஏறும் ஒருவர், என் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஊசியை எடுத்துவிடுவார். தடித்த விரல்கள், நிதானமான தையல். சந்தையில் வாங்கிய பழைய புடவைகளையும் தன் கிழிந்த யூனிஃபார்மையும் துண்டு போட்டு, மகளுக்காக ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு வேறொரு கம்பெனியில் இரவு ஷிப்டு. காலையில் அவர் இறங்கும் நிறுத்தத்தில்தான் இவர் ஏறுவார். போர்வைத் துணி வைத்த பை அங்கே கைமாறும். மாலையில் அது மறுபடி மனைவியோடு போகும். அவரும் தன் பஸ்ஸில் தைப்பார்.

"பேச நேரம் கிடைக்குதா?" என்று கேட்டேன்.

"எங்க சார். நான் தைச்சத அவ பிரிச்சி வெச்சிருந்தா, கோவமா கீறான்னு புரிஞ்சிக்குவேன்" என்று சிரித்தார்.

ஒருநாள் பையைத் திறந்தவர் ஊசியை எடுக்கவில்லை. அவர் தைத்ததெல்லாம் பிரிக்கப்பட்டு, துண்டுகள் தனித்தனியாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு பேரும் சேந்து இருக்கறதே ஞாயித்துக்கெழமைதான். அன்னிக்கும் ஓ.டி. வேலைக்கு ஒத்துக்கினேன் சார். அவகிட்ட சொல்லவே இல்ல."

எழுந்துபோய் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, எதிர்ப்பக்கம் போய் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார்.

மறுநாள் ஏறினார். வீட்டில் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டவர், சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கம்பெனி வாசல் வரும்வரை நான் அசையவில்லை.