தீக்குச்சி சொருகிய பிளக் பாயிண்ட்

மங்கலம் ரோட்டில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் மொத்தம் ஆறு குடும்பங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட். செல்போன்கள் கைக்குக் கை வரத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. மிக்சி, டிவி, அயர்ன் பாக்ஸ், சார்ஜர் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட் ஆடிக்கொண்டே இருக்கும். கதவை அடித்துச் சாத்தினால் டிவி அணைந்துவிடும். அயர்ன் செய்தால் ரப்பர் கருகும் வாடை வரும். வெள்ளைத் தகடு ஓரத்தில் பழுப்பேறியிருந்தது.

வீட்டுக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். "பாக்கலாமுங்க" என்றார். பார்க்கவில்லை.

மிக்சியின் பிளக் உடைந்தபோது என் கணவர் அதை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் இரண்டு நுனிகளையும் சீவி, ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்கினார். மிக்சி ஓடியது. நானும் கற்றுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. அவள் என்னோடு பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். அவன் சாயப்பட்டறைக்கு விடியும் முன்பே போய்விடுவான். தண்ணீருக்குள் போட்டுக் காய வைக்கும் ஹீட்டரின் பிளக் உருகிவிட்டதென்று ஒருநாள் அவள் வந்து நின்றாள்.

"இதுக்கு எதுக்குக் கண்ணு புதுசு? ரெண்டு தீக்குச்சி கொண்டா" என்றேன். அவள் வீட்டு பிளக் பாயிண்டில் நானே சொருகிக் காட்டினேன். "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத் தொடோணும். அவ்வளவுதான்."

பத்து நாள் கழிந்திருக்கும். காலை ஏழரை மணி. கம்பெனிக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அலறல் இல்லை. வாயை மூடிக்கொண்டு முனகுவது போல, நிற்காமல், ஒரே சீராக.

"ஏங்கண்ணு, என்னாச்சு?" என்றேன். முனகல் மட்டும் தொடர்ந்தது.

ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஈரத் தரையில் அவள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். ஹீட்டர் கிடந்த அலுமினியக் குண்டாவின் விளிம்பை வலது கை பிடித்திருந்தது. தோள் முதல் முழங்கால் வரை நடுங்கியது. கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்த்தாள், பேச முடியவில்லை.

கையைப் பிடித்து இழுக்கத்தான் பாய்ந்தேன். ஒரு சாண் தூரத்தில் ஏதோ என்னைத் தடுத்தது. தொட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன். சுவரில் சுவிட்சைப் பார்த்தேன்.

அது ஏற்கெனவே ஆஃபில் இருந்தது.

அப்படியும் அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். அவள் நடுக்கம் நிற்கவில்லை. மெயின் பெட்டி வீட்டுக்காரர் வளாகத்தில் பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டு ஓடி வருவதற்குள் என்ன மிஞ்சும்?

மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதைத் தலைகீழாகத் தூக்கி, அதன் காலை வயருக்கு அடியில் கொடுத்து இழுத்தேன். நழுவியது. மறுபடி கொடுத்து, முழுப் பலத்தோடு இழுத்தேன். நீலமாக ஒரு பொறி. தீக்குச்சி தெறித்தது. வயர் கழன்று விழுந்தது. அவளும் பக்கவாட்டில் சரிந்தாள்.

மூச்சில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன், கன்னத்தில் அடித்தேன். தண்ணீரிலிருந்து வெளியே வந்தவள் போல ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். அதற்குள் மற்ற வீடுகளில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றினோம். வழி முழுக்க, "ஆஃப் பண்ணிட்டுத்தானக்கா தொட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

உள்ளங்கையில் தோல் வெந்து வெளுத்திருந்தது. இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் இருத்திக்கொண்டார்கள். அவள் புருஷன் கையில் நீலச் சாயத்தோடு ஓடி வந்தான்.

"யாரு இப்படிச் சொருகச் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நானாத்தான் செஞ்சேன்" என்றாள். நான் அருகிலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் என் கணவர் எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் அவள் வீட்டுத் தகட்டைக் கழற்றினார். சுவிட்ச் ஆஃபில் இருக்க, ஓட்டைக்குள் டெஸ்டரை விட்டார். அதிலிருந்த சின்ன விளக்கு எரிந்தது.

"ஏனுங்க, சுவிட்ச் கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்லதான இருக்கோணும்? கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல்ல போட்டு வெச்சிருக்கறாங்க. நீங்க ஆஃப் பண்ணுனாலும் ஹீட்டருக்குள்ள கரண்ட் நின்னுட்டுத்தான் இருக்கும். கசியற கரண்ட மண்ணுக்கு எறக்கற எர்த் ஓட்டைக்குப் பின்னால வயரே இல்லீங்க."

மற்ற வீடுகளையும் பார்த்தார். இன்னும் மூன்று வீட்டில் இதே கதை. எங்கள் வீட்டுத் தகட்டுக்குப் பின்னால் வயர் கரிக்கட்டையாக இருந்தது. "லூசா இருந்தாச் சூடேறுமுங்க. இதுல அயர்ன் போட்டுட்டு வெளிய போயிருந்தீங்கன்னா ஊடு பத்தியிருக்கும்."

அன்று மாலை ஆறு வீட்டாரும் வீட்டுக்காரர் வாசலில் நின்றோம். அவள் புருஷனும் வந்திருந்தான். வீட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. "தீக்குச்சியக் குத்தி வெச்சது நீங்க. நான் என்னங்க பண்றது?"

நான் ஓரடி முன்னால் போனேன்.

"குத்தி வெச்சது தப்புத்தானுங்க. அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது நான்" என்றேன். அவள் புருஷன் திரும்பி என்னைப் பார்த்தது முதுகில் தெரிந்தது. "ஆனா சுவிட்ச மாத்திப் போட்டது நாங்க இல்லீங்க. எர்த் இல்லாம விட்டதும் நாங்க இல்லீங்க. இதச் சரி பண்ணாம நாங்க யாரும் இங்கிருந்து நகர மாட்டோம்."

"நாளைக்கே ஆள் வருமுங்க" என்றார் வீட்டுக்காரர். வந்தது. வயர்களை மாற்றினார்கள், எர்த்துக்குக் குழி தோண்டினார்கள், கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்சை வீட்டுக்கொன்று மாட்டினார்கள்.

கட்டுப்போட்ட கையோடு அவள் வேலைக்கு வந்தபோது, "ஆஸ்பத்திரியில எம்பேரச் சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றேன். "இழுத்துப் போட்டதும் நீங்கதானக்கா" என்று சொல்லிவிட்டு, இடது கையால் பனியன் பீஸைப் புரட்டத் தொடங்கினாள்.

அவள் புருஷன் என்னோடு பேசவே இல்லை. வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வான். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாளில்தான் எங்கள் வாசலுக்கு வந்து, வீட்டுச் சாவியை நீட்டினான். "வர நாலு நாளாகும். கொஞ்சம் பாத்துக்கங்க" என்றான். வாங்கிக்கொண்டேன்.